காரெட் எழுதிய நூலும் அதைக் கற்றுத் தேர்ந்தவர்களும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயற்குழுவினர் பணித்தபோது, பழவேற்காட்டு டச்சுக் கோட்டையைப் பற்றியோ கல்லறைத் தோட்டத்தைப் பற்றியோ எழுதுவோம் என அன்பர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்டது ஒரு பாடநூலின் வரலாறு.

'உளவியலிலும் கல்வியிலும் புள்ளியியல்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடைய நூல் அது. எழுதியவர் அமெரிக்க நாட்டுக் கொலம்பியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி எட்வர்ட் காரெட். முதற்பதிப்பு 1926-இல் வெளிவந்தது. பம்பாயிலிருந்த வக்கீல்ஸ், ஃபெஃபர் அண்டு சைமன்ஸ் பதிப்பகத்தார் இந்தியப் பதிப்பு கொணர்ந்தமையால், நம் நாட்டு ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி நூலகங்களில் இது பரவலாக இடம்பெற்றது. கல்வியியலிலும் உளவியலிலும் ஆய்வேடு எழுதியோர் பல்லாண்டுகள் இதனை மேற்கோள் காட்டினர். நாமும் பி.எட். பயின்ற காலத்தில் சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு ஆகியவற்றை இந்நூலின் வழியாகவே கற்றோம். தெளிவாக எழுதப்பட்ட நூல் என்பதில் ஐயமில்லை. அதனை எழுதியவர் யார், அவர் அந்தக் கணக்கைக் கொண்டு என்ன செய்தார் என்பதை அன்று எவரும் நமக்குச் சொல்லவில்லை.

இன்று நம் குப்பங்களிலிருந்தும் காலனிகளிலிருந்தும் பொன்னேரிக்கும் சென்னைக்கும் சென்று உளவியலும் சமூகப்பணியும் கல்வியியலும் பயிலும் இளைஞர் சிலர் உளர். மற்றத் தாள்கள் எளிதாக இருக்கின்றன, புள்ளியியல் தாள்தான் அச்சமூட்டுகிறது என்று அவர்கள் சொல்லக் கேட்கிறோம். கணக்கின் கடுமை அதற்கு ஒரு காரணம். மனிதரை எண்களாக்கும் இக்கலை நம்மை இழிவுபடுத்தவே வந்தது என்னும் உள்ளுணர்வும் சிலரிடம் இருக்கிறது. அவ்வுணர்வு முற்றும் தவறன்று. அதனாலேயே இவ்வரலாற்றைக் கூறப் புகுந்தோம்.

வரலாற்றுக்குள் நுழையுமுன் கலையின் அடிப்படையைச் சிறிது நினைவுகூர்வோம். ஏரிக்கரை மக்களுக்கு இது புதிதன்று.

முகத்துவாரத்தருகே ஒரு குடம் நீர் மொண்டு, அது கடலைப் போல் கரிக்கிறது என்று கண்டு, ஏரி முழுதும் அவ்வாறே என்று ஒருவன் கூறினால் நம் வீட்டுச் சிறுவனும் நகைப்பான். ஐப்பசி கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவந்து சேர்க்கும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபடின் நீர் வற்றி உவர்ப்பு ஏறும். எந்த இடத்தில், எந்த மாதத்தில் மொண்ட நீர் என்று கேட்டறியாமல் ஏரியின் உப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஒரு பகுதியைக் கொண்டு முழுமையை அறிய முயலும் இதனையே புள்ளியியலார் கூறெடுப்பு என்பர். சராசரியும் நமக்குத் தெரிந்ததே. ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான் என்பர். அதை நம்பி எந்தத் தாயும் ஓடைப் பள்ளத்தில் குழந்தையை இறக்கிவிடுவதில்லை. சராசரியினின்று ஒவ்வோர் இடமும் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அளப்பதே திட்ட விலக்கம்.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. ஐந்து குடும்பங்கள் எனக் கொள்வோம். நான்கு குடும்பத்துப் பெண்கள் ஓலைப்பறியுடன் நீரில் இறங்கிக் கையால் தடவி முறையே 1, 1, 2, 2 கிலோ இறால் பிடித்தனர். ஐந்தாம் குடும்பம் படகும் வலையும் உடையது. 14 கிலோ பிடித்தது. கூட்டினால் 20, சராசரி 4 கிலோ. 'இவ்வூரில் குடும்பத்துக்கு நான்கு கிலோ கிடைக்கிறது' என்று அதிகாரி எழுதிச் செல்வார். எழுதியதில் கூட்டல் பிழை ஏதுமில்லை. ஆனால் நான்கு கிலோ பிடித்த குடும்பம் அங்கு ஒன்றுகூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 2 கிலோ. இதுவே இடைநிலை அளவு. எந்த அளவையைத் தேர்கிறோம் என்பதில்தான் அரசியல் தொடங்குகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

மனிதரின் உடலையும் அறிவையும் நடத்தையையும் அளந்து ஆராயும் புள்ளியியல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. இரு பண்புகள் சேர்ந்து ஏறியிறங்குவதை அளக்கும் ஒட்டுறவுக் கருத்தை 1888-இல் வெளியிட்ட ஃபிரான்சிஸ் கால்டனே, உயர்ந்தோரைப் பெருக்கித் தாழ்ந்தோரைக் குறைக்க வேண்டும் என்னும் 'இன மேம்பாட்டியல்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 1883-இல் ஆக்கியவர். அவர் வழிவந்த கார்ல் பியர்சன் ஒட்டுறவுக் கெழுவுக்கு வாய்பாடு அமைத்தார். 1900-இல் கைவர்க்கச் சோதனையைத் தந்தார். இன்று நம் பிள்ளைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் வாய்பாடுகள் இவையே. பியர்சனும் கால்டனின் இனக் கொள்கையில் உறுதியான பற்றுடையவர்.

அதே காலத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது? வங்கத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி என்னும் ஆங்கிலேய அதிகாரி, சாதிகளின் மூக்கை அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியெண். அகன்ற மூக்குடையோர் சாதி வரிசையில் கீழே நிற்பர் என்று 1891-இல் வெளியிட்ட தம் நூலில் அவர் முடிவு கட்டினார். சென்னையில், எழும்பூர் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்த எட்கார் தர்ஸ்டன் அளவுகோலும் கவைக்கருவியும் கொண்டு தென்னாட்டுச் சாதிகளின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில் அவ்வளவுகள் பல இடங்களில் அச்சேறியுள்ளன. அளக்கப்பட்டோருள் நம் முன்னோரும் இருளர் பெருமக்களும் உண்டு. அவர்களிடம் எவரும் ஒப்புதல் கேட்டிருப்பர் என்று நாம் நம்பவில்லை.

இவ்வளவுகளுக்கு மறுமொழி எங்கிருந்து வந்தது என்பதை இளைஞர் ஊன்றி நோக்குதல் வேண்டும். கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றக் காரணமான பிரசாந்த சந்திர மகலனோபிஸ், ரிஸ்லியின் அளவுகளையே மீண்டும் எடுத்து ஆராய்ந்து, அவற்றிலிருந்த பிழைகளைத் தம் 'சங்க்யா' இதழில் 1933-இல் எழுதினார். அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட 'தீண்டப்படாதோர்' பற்றிய நூலில் இன்னும் துணிவான செயலைச் செய்தார். தீண்டாமை இன வேறுபாட்டால் வந்தது என்றோர் கூற்றை மறுக்க, சமூகவியலறிஞர் குர்யே தொகுத்திருந்த மூக்குக் குறியெண் பட்டியல்களையே அவர் சான்றாக வைத்தார். உடலளவை இயல் நம்பத்தக்க அறிவியலானால், அதன்படியே பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவர் என்றாகிறது என அவர் காட்டினார். மூக்கை அளந்ததே பாவம் என்று ஒதுங்கி நில்லாமல், பட்டியலை வரிக்கு வரி படித்து, படைத்தவரின் முடிவைப் பட்டியலைக் கொண்டே கவிழ்த்தார்.

அண்ணல் பயின்ற கொலம்பியப் பல்கலைக்கழகத்தில்தான் நம் காரெட்டின் கதையும் நிகழ்ந்தது. அண்ணல் அங்கு 1913 முதல் 1916 வரை பயின்றார். காரெட் 1920-களில் அங்கு ஆசிரியரானார். வர்ஜீனியா மாநிலத்திற் பிறந்தவர் அவர். பின்னர் அங்கேயே உளவியல் துறைத் தலைவராகி, 1946-இல் அமெரிக்க உளவியல் கழகத் தலைவராகவும் விளங்கினார். கறுப்பின மக்கள் பிறவியிலேயே அறிவிற் குறைந்தோர் என்பது அவர் கொள்கை. அதற்கு அவர் காட்டிய பெருஞ்சான்றுகளுள் ஒன்று முதல் உலகப் போர்க்காலத்துப் படைத் தேர்வு.

அத்தேர்வைச் சற்று விரித்துரைப்பது பயன்தரும். 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, ராபர்ட் யெர்க்கிஸ் என்னும் உளவியலார் தலைமையில் 17 இலட்சத்துக்கு மேற்பட்ட படைவீரர்க்கு நுண்ணறிவுத் தேர்வு நடத்தினர். எழுத்தறிந்தோர்க்கு 'ஆல்ஃபா', அறியாதோர்க்குப் படங்களாலான 'பீட்டா'. வெள்ளையரின் சராசரி மேலே, கறுப்பினத்தாரின் சராசரி கீழே எனப் பட்டியல் வெளிவந்தது. பிறவி அறிவு அளக்கப்பட்டுவிட்டது என்று பலர் பறைசாற்றினர். வினாக்கள் எத்தகையவை? 'கிரிஸ்கோ' என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்பது ஒரு வினா. அது அந்நாட்டுக் கடைகளில் விற்ற சமையற் கொழுப்பு. கடைவீதியைக் காணாத பருத்திக்காட்டுக் கூலியாள் அதனை எங்ஙனம் அறிவான்? சென்னை அண்ணாநகர்ப் பிள்ளையிடம், முகத்துவாரம் தூர்ந்தால் இறாலுக்கு என்ன நேரும் என்று கேட்டு, விடை வராவிடில் பிறவி மந்தம் என்று எழுதிவிடலாமா?

இப்பட்டியலுக்கு முதன்முதல் உரத்த மறுமொழி கூறியோருள் ஒருவர் ஹோரஸ் மேன் பாண்ட் என்னும் கறுப்பின இளைஞர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதே. 1924-இல் 'தி கிரைசிஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரை, அதே படைத் தேர்வுப் பட்டியலை மாநிலவாரியாகப் பிரித்துப் பார்த்தது. இல்லினாய் போன்ற வடமாநிலக் கறுப்பினத்தாரின் மதிப்பெண், சில தென்மாநிலங்களின் வெள்ளையரினும் மேலாக இருந்தது. பள்ளிகள் நல்லனவாக உள்ள மாநிலத்தில் இரு நிறத்தாரும் மேலே. பள்ளிகள் இழிநிலையில் உள்ள மாநிலத்தில் இரு நிறத்தாரும் கீழே. மொத்தச் சராசரி மறைத்ததைப் பகுத்த சராசரி காட்டிவிட்டது. கடலோரக் குடத்தையும் ஆற்றோரக் குடத்தையும் தனித்தனியே சுவைத்துப் பார்த்தது போன்ற செயல் இது.

கறுப்பினத்தாருள் அறிவாளிகள் மட்டும் வடக்கே குடிபெயர்ந்தனர், அதனால்தான் அவர் மதிப்பெண் உயர்ந்தது என்று எதிர்த்தரப்பார் கூறினர். கூர்மையான எதிர்வாதமே. நடத்தை அறிவியலில் இத்தகைய மாற்று விளக்கத்தை எப்போதும் எதிர்பார்த்திருக்க வேண்டும். காரெட்டின் துறையிலேயே பணியாற்றிய ஆட்டோ கிளைன்பெர்க் இதனைச் சோதித்தார். தெற்கிலிருந்து நியூயார்க் வந்த பிள்ளைகளை, வந்து எத்தனை ஆண்டாயிற்று என்று வகைப்படுத்தி அளந்தார். நகரப் பள்ளியில் கழித்த ஆண்டுகள் கூடக்கூட மதிப்பெண்ணும் கூடியது. அறிவாளிகள் மட்டும் வந்தனர் எனின், வந்த முதல் ஆண்டிலேயே மதிப்பெண் உயர்ந்திருக்க வேண்டுமன்றோ? 1935-இல் இதனை நூலாக வெளியிட்டார். காரெட் அசையவில்லை. 1945-இலும் பழைய படைத் தேர்வுப் பட்டியலை எடுத்துக்கொண்டு தம் கொள்கையை வலியுறுத்தி எழுதினார்.

இந்தக் காரெட்டிடம் பாடங்கேட்ட இருவர்தாம் கென்னத் கிளார்க்கும் அவர் துணைவியார் மேமி பிப்ஸ் கிளார்க்கும். இருவரும் கறுப்பினத்தவர். கென்னத் 1940-இல் கொலம்பியாவில் உளவியல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. அடுத்தவர் மேமி, 1943-இல். ஆர்கன்சா மாநிலத்துத் தனிப்படுத்தப்பட்ட பள்ளியில் பயின்று, ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் முதலில் கணிதம் எடுத்துப் பின் உளவியலுக்கு மாறியவர் மேமி. ஆய்வு நெறியாளராகக் காரெட்டை அவர் தெரிந்தே தேர்ந்தார். அவருடைய கொள்கையை அறிந்தே அவரிடம் சென்று, அவர் கலையைக் கற்றார். மாணவிக்கு இருந்த நெஞ்சுரத்தை எண்ணி நாம் வியக்கிறோம். ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டை நெருங்கும் நமக்கு, பகைவனிடம் பாடங்கேட்கும் துணிவு எத்தகையது என்பது தெரியும்.

கிளார்க் தம்பதியர் நடத்திய பொம்மைச் சோதனை உலகறிந்தது. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம், நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டினர். 134 குழந்தைகள் தெற்கே ஆர்கன்சாவில் தனிப்படுத்தப்பட்ட பள்ளிகளில் பயின்றோர். 119 பேர் வடக்கே மாசசூசெட்சில் கலப்புப் பள்ளியில் பயின்றோர். விளையாட விரும்பும் பொம்மையைத் தருக என்றபோது நூற்றுக்கு 67 பேர் வெள்ளைப் பொம்மையை எடுத்தனர். அழகற்றதாகத் தோன்றும் பொம்மை எது என்றபோது நூற்றுக்கு 59 பேர் கறுப்புப் பொம்மையைக் காட்டினர். 1947-இல் வெளிவந்த முடிவு இது. நம் தெருக் குழந்தைகளிடம் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் சொல்லச் சொன்னால், இரண்டாவதைச் சொல்லும்போது குரல் தாழ்வதைக் கேட்டிருக்கும் நமக்கு, இந்த 59 வெறும் எண்ணாகத் தோன்றவில்லை.

ஆயினும் புள்ளியியல் பயில்வோர் இங்கு நின்று ஒரு வினா எழுப்ப வேண்டும். வெள்ளைப் பொம்மையை விளையாடக் கேட்டோர் தெற்கே நூற்றுக்கு 62; வடக்கே 72. தனிப்பள்ளியே காரணமென்றால், கலப்புப் பள்ளியில் பயின்றோர் எண்ணிக்கை குறைந்தன்றோ இருக்க வேண்டும்? வழக்கில் எதிர்த்தரப்பாரும் இதனைச் சுட்டினர். தனிப்பள்ளி ஒன்றே செய்த கேடு என்பதை இச்சோதனை மட்டும் மெய்ப்பிக்காது. நாடு முழுதும் பரவிய நிறவெறி குழந்தை நெஞ்சில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை அது காட்டுகிறது. நமக்கு உவப்பான முடிவாயினும் அதன் எல்லையை அறிந்தே எடுத்தாள வேண்டும். நம் பக்கத்துச் சான்றென்று கண்ணை மூடி ஏற்போமாயின் எதிரியின் பட்டியலைக் குறைகூறும் தகுதி நமக்கு இராது.

இனி வழக்கைக் கூறுவோம். வர்ஜீனியா மாநிலத்துப் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்தில் ஃபார்ம்வில் என்னும் சிற்றூர். கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்கெனக் கட்டப்பட்டது. அதில் 450-க்கு மேற்பட்டோர் பயின்றனர். இடம் போதாமைக்குத் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகள் அடித்துக் கொடுத்தனர். 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி, தலைமையாசிரியரைச் சூழ்ச்சியால் வெளியே அனுப்பிவிட்டு, மாணவரையெல்லாம் மன்றத்தில் கூட்டிப் பேசிப் பள்ளிப் புறக்கணிப்புத் தொடங்கினாள். (தலைமையாசிரியர் என்ற முறையில் அச்சூழ்ச்சியை நாம் பரிந்துரைக்க இயலாது!) அதிலிருந்து எழுந்ததே டேவிஸ் வழக்கு. மாணவர் 117 பேர் வழக்குத் தொடுத்தனர்.

1952 பிப்ரவரியில் ரிச்மண்ட் நகரில் விசாரணை. அரசின் தரப்பில் சாட்சிக் கூண்டில் ஏறியவர் பேராசிரியர் காரெட். இருதரப்புப் பள்ளிகளும் வசதியில் சமமாயிருப்பின், தனித்தனியே பயில்வதால் பிள்ளைகளுக்குக் கேடில்லை என்பதே அவர் சாட்சியத்தின் சாரம். மாணவர் தரப்பில் சாட்சியளித்தார் கென்னத் கிளார்க். காரெட்டின் கூற்றை நேரே மறுக்க மேமி கிளார்க்கும் அழைக்கப்பட்டார். ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே நீதிமன்றத்தில், ஒரே கலையைக் கையிலேந்தி, எதிரெதிரே நின்றனர். அவ்வாண்டு மார்ச்சில் நீதிபதிகள் மூவரும் அரசின் பக்கமே தீர்ப்பளித்தனர்.

அதே 1952-ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று, அதே கொலம்பியப் பல்கலைக்கழகம் அண்ணல் அம்பேத்கருக்குச் சட்ட அறிஞர் என்னும் சிறப்புப் பட்டம் வழங்கியது. காரெட் அப்போதும் அங்கு உளவியல் துறைத் தலைவர். ஒரு பல்கலைக்கழகத்து மதிலுக்குள் இவ்விரண்டும் நிகழ்ந்தன என்பதை நம் பாடநூல்கள் எழுதுவதில்லை.

டேவிஸ் வழக்கு மேல்முறையீட்டில் வேறு வழக்குகளோடு இணைக்கப்பட்டு, பிரௌன் வழக்கு என்னும் பெயரில் அமெரிக்க உச்சநீதிமன்றத்திற்குச் சென்றது. 1954 மே 17 அன்று, பள்ளிகளில் நிறப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என ஒருமனதாகத் தீர்ப்பு வெளிவந்தது. தீர்ப்பின் பதினோராம் அடிக்குறிப்பில் கிளார்க்கின் பெயர் முதலில் நிற்கிறது. ஆனால் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்தார் பணியவில்லை. கலந்து படிக்க வைப்பதைவிடப் பள்ளியையே மூடிவிடுவது மேல் என 1959-இல் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடினர். 1964-இல்தான் மீண்டும் திறந்தனர். ஐந்தாண்டு! அவ்வாண்டுகளில் பள்ளி வயதிலிருந்த கறுப்பினப் பிள்ளைகளின் கல்வி அளவை எவரேனும் பின்னர் எடுத்துச் சராசரி கீழே நிற்கிறதென்று எழுதியிருப்பின், அச்சராசரி எதனை அளந்ததாகும்?

காரெட் 1973-இல் மறைந்தார். இறுதிவரை கொள்கை மாறவில்லை. அவர் நூல் நம் நாட்டில் அதன் பின்னும் விற்றது. திட்ட விலக்கம் காண அவர் தந்த முறை இன்றும் சரியானதே. அதில் நிறவெறி ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. எந்தக் குழுக்களை ஒப்பிடுவது, எதனை அளப்பது, வேறுபாட்டுக்கு எதைக் காரணம் சொல்வது என்னும் இடங்களில்தான் அது நுழைந்தது. வாய்பாட்டைக் கற்று அவ்விடங்களைக் கல்லாதவர், காரெட்டிடமிருந்து பாதியை மட்டுமே கற்றவர் ஆவர்.

நம் ஏரியிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. வலை கட்டும் நீரிடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறையை இளைஞர் அறிவர். நல்லிடம் ஒருவருக்கே நிலையாகச் சேராமலும், பூசல் மிகாமலும் அது காத்து வருகிறது என்று மீன்வள ஆய்வாளர் பலர் பாராட்டியுள்ளனர். பாராட்டத் தக்கதே. ஆராய்ச்சியில் எந்தச் சோதனைமுறை எதற்கு என்பதை ஆய்வாளர் தம் விருப்பப்படி முடிவு செய்யாமல் குலுக்கலுக்கு விடுதல் வேண்டும் என்று ரொனால்ட் ஃபிஷர் என்னும் ஆங்கிலப் புள்ளியியலார் 1920-களிலும் 1935-இல் வெளியிட்ட நூலிலும் வலியுறுத்தினார். குலுக்கலுக்குச் சார்பு இல்லை என்னும் அவ்வுண்மையை நம் ஏரிக்கரை அவருக்கு முன்னரே நடைமுறையில் கொண்டிருந்தது. ஆனால் குடத்துக்குள் யார் பெயர்ச் சீட்டு விழுகிறது? பாட்டுரிமை பட்டினவர் குப்பங்களின் குடும்பங்களுக்கே வழிவழி உரியது. கையால் தடவி இறால் பிடித்துவந்த இருளர்க்கும், வலையெடுத்து ஏரியில் இறங்கிய நம்மவர்க்கும் அக்குடத்தில் சீட்டு இல்லை. குப்பத்தார் மீது இதனால் பகைமை பாராட்டுவது நம் கருத்தன்று. அவர்களும் முகத்துவாரம் தூர்வதால் எண்ணூர்ப் பக்கத்துக் கட்டுமானங்களுக்கிடையே நலிகிறவர்களே. குலுக்கல் எவ்வளவு நேர்மையாயினும், குலுக்குமுன் வகுத்த பட்டியலில் இல்லாதவர் எண்ணப்படுவதில்லை என்பதே இங்குக் கூற வந்தது.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்னும் பேச்சை ஆசிரியர் ஓய்வறைகளில் நாம் கேட்டதுண்டு. இரு தெருப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை எடுத்து, ஒரு தெருவின் சராசரி 52, மறு தெருவின் சராசரி 48 என்று வந்ததாகக் கொள்வோம். ஒவ்வொரு தெருவிலும் 20 வாங்கியவனும் 90 வாங்கியவளும் இருப்பின், இரு தெருவின் பரவலும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். தெருவின் பெயரைக் கொண்டு ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்ல இயலாது. எஞ்சிய நான்கு மதிப்பெண் வேறுபாட்டுக்கும் காரணம் தேட வேண்டும். வீட்டில் விளக்குண்டா, விடியலில் தாயுடன் ஏரிக்குச் சென்று வருகிறாளா, வகுப்பில் எந்த வரிசையில் அமர்த்தப்படுகிறாள் என்று பகுத்துப் பார்க்காமல் எவரும் வாய் திறத்தலாகாது. பாண்ட் பத்தொன்பது வயதில் செய்தது இதுவே.

சங்கத்தின் ஞாயிறு வகுப்புகளில் கல்லூரி இளைஞர்க்குப் புள்ளியியல் கற்பிக்க இசைந்துள்ளோம். பாடநூல் எடுத்துக்காட்டுகளோடு நம் கணக்கையும் சேர்த்துக்கொள்ளக் கருதுகிறோம். மீன்வளக் கணக்கெடுப்புகளில் படகின் எண்ணிக்கை உண்டு. வலையின் எண்ணிக்கை உண்டு. படகும் வலையுமின்றிக் கழுத்தளவு நீரில் நின்று பிடிக்கும் பெண்ணை எந்தப் பத்தியில் எழுதுவது? ஆகவே முதற்பணியாக, கையால் பிடிக்கும் தாய்மாரின் அன்றாடப் பிடிப்பை ஓராண்டுக்குக் குறித்துவருமாறு மாணவரைக் கேட்டுக்கொண்டுள்ளோம். தேதி, இடம், நீர் ஏற்றமா வற்றமா, நீரில் நின்ற மணி, பிடித்த எடை, வியாபாரி கொடுத்த விலை என ஆறு பத்திகள். நாற்பது பக்கக் குறிப்பேடுகள் சங்க அலுவலகத்தில் உள்ளன. பெயர் பதியாமல் எண்ணிட்டு எழுதுதல் வேண்டும். எழுதுமுன் தாய்மாரிடம் ஒப்புதல் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.